மூன்றாவது கோடு

மல்லாவியில் மழை விட்டு இரண்டு நாள்.
முற்றத்துச் சேற்றில் உரச்சாக்கு விரித்து
டட்சனின் பொனற்றைத் தூக்கி
தும்புத்தடியால் முட்டுக்கொடுத்திருக்கிறோம்.
அதற்குரிய கம்பி
நாங்கள் வாங்கும்போதே இல்லை.

டிப்ஸ்ரிக் குழாய் இடுப்பில் வெடித்துவிட்டது.
ஒயில் கசிந்து, கொதிக்கிற சைலன்சரில் சொட்டி,
மாங்குளம் கழிந்தால்
காருக்குள் கருவாடு பொரிக்கிற புகை.
முட்டை ஏற்றுகிற கார்.
போன கிழமை வவுனியாக் கடைக்காரர்
ஒரு முட்டையை எடுத்து மணந்து பார்த்தார்.
மூன்று தட்டு திரும்பி வந்தது.

கராஜில் புதன்கிழமை வரச் சொன்னார்கள்.
எங்களுக்குச் செவ்வாய் சந்தை.

யோகமதி கீழே படுத்திருக்கிறாள்.
நான் மேலே ரோச் பிடிக்கிறேன்.
"பன்னிரண்டு."
கொடுத்தேன்.
"இது பதின்மூன்று, மச்சாள்."
எழுத்துத் தேய்ந்த சாவிகள். தடவித்தான் பார்க்கவேண்டும்.

ஒரேயொரு போல்ற்.
அதன் ஆறு மூலையையும் துரு தின்றிருந்தது.
மண்ணெண்ணெய் விட்டோம். தேத்தண்ணி குடித்தோம்.
திரும்பவும் மண்ணெண்ணெய்.
பதினொரு மணிக்கு அது கிறீச்சென்று அசைந்தபோது
இரண்டு பேரும் மூச்சை அடக்கினோம்,
வெருண்டு நின்றுவிடுமோ என்று.

கழற்றி வைத்த வாசரை
கழுத்து மயிரில்லாத சிவப்புப் பேடு
கொத்திக்கொண்டு ஓடியது.
துரத்தினோம். விழுங்கிவிட்டது.

குழாயைத் திருகி இழுக்க மேல்பாதி மட்டும் வந்தது.
அடித்துண்டு எஞ்சினுக்குள்ளேயே நின்றது.
துருத்தூள் உள்ளே விழாமல் கிறீஸ் அப்பி,
மரத் திருகாணி ஒன்றை அதன் வாய்க்குள் முறுக்கி,
குறட்டால் பிடித்து,
யோகமதி வாழ்க்கையில் கோபித்த எல்லாரையும் நினைத்து இழுத்தாள்.
வந்தது.

பழைய துண்டுகளைப் பொருத்தி
புதுக் குழாய்க்குப் பக்கத்தில் சாக்கில் கிடத்தினோம்.
பழையது கட்டையாக இருந்தது,
பெருவிரல் நகத்தளவு.
கரியைத் துடைத்தால் கீழே நீல வர்ணம்.
சைக்கிள் கரியர் குழாய்!
பித்தளை வைத்து ஒட்டி, வளைத்து,
விளிம்பை அரத்தால் ஒப்பனாக்கி யாரோ செய்தது.
ஓமந்தைக்கு இங்கால் ஒரு நட்டும் வராத காலத்தில்
செய்திருக்கவேண்டும்.
புத்தகத்தில் எங்களுக்கு முதல் நாலு பெயர்.
அதில் எவர்?

பிறகுதான் அவள் டிப்ஸ்ரிக்கைக் கையில் எடுத்தாள்.
அதில் கொம்பனி போட்ட கோடு இரண்டு.
மேல்கோட்டுக்கும் மேலே இன்னொரு கோடு,
அரத்தால் கீறியது.
எங்கேயோ உரஞ்சுப்பட்ட தழும்பு என்று
மூன்று வருசம் நினைத்திருந்தோம்.
ஈர்க்கு முறித்து அளந்தாள்.
குழாய் எவ்வளவு கட்டையோ
கோடு அவ்வளவு உயரம்.

அந்த மனிசன் கணக்குப் பார்த்திருக்கிறான்.
குழாய் கட்டையானால் கம்பி ஆழப் போகும்,
ஆழப் போனால் குறைந்த ஒயிலும் நிறைவாய்க் காட்டும்,
ஆகவே நிறைவு இதுதான் என்று
தன் கையால் கீறி வைத்திருக்கிறான்.
நாங்கள் கொம்பனியை நம்பி
மூன்று வருசம் குறைவாக ஊற்றினோம்.
எஞ்சின் டக் டக்கென்று சொல்லிக்கொண்டே இருந்தது.
நாங்கள் வால்வைத் திட்டினோம்,
பெற்றோலைத் திட்டினோம்,
துணுக்காய் றோட்டைத் திட்டினோம்.

"சொல்லிப்போட்டு வித்திருக்கலாம்" என்றாள்.
"சொல்லித்தான் வித்திருப்பான். அடுத்தவன் மறந்திருப்பான்."

புதுக் குழாய்க்குப் பசை பூசி
பலகைத்துண்டு வைத்துத் தட்டி இறக்கினோம்.
வாசருக்கு
மீன்ரின் மூடியை வட்டமாய் வெட்டி
ஆணியால் துளைத்தாள்.
ஒயில் ஊற்றி, சாவி போட,
அந்த டக் டக் ஒரு நிமிடம் இருந்து
பிறகு இல்லை.
பின்வளவில் கோழிகள் கிளறுவது கேட்டது.

மூன்றாவது கோட்டை அராவிவிடவோ என்று கேட்டேன்.
விடு என்றாள்.
மகளின் சிவப்புக் கியூட்டெக்ஸால்
சரியான கோட்டில் ஒரு பொட்டு வைத்தாள்.
பிறகு பொனற்றின் உட்புறத்தைத் துடைத்து
வெள்ளைப் பெயின்ரால்,
அடுத்ததாய் வாங்கப்போகிறவருக்கு:

குழாய் புதிது.
ஆக மேலே உள்ள கோடு பழைய குழாய்க்கு.
வாசர் மீன்ரின்.